வறளோன் குடியிருந்த காம்பவுண்டு

ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், செவக்காட்டுக் கீழத்தெரு காம்பவுண்டின் இரும்புக் கேட்டைத் திறந்துகொண்டு, கொம்புகள் மேல்கம்பியில் இடித்துவிடாமல் தலையைச் சாய்த்து, வறளோன் உள்ளே வந்தான். ஊரெல்லாம் சேறாகக் கிடக்க அவன் நடந்துவந்த தடத்தில் மட்டும் தரை வெளுத்துக் காய்ந்திருந்தது. குழாயடியில் இட்லித்தட்டு தேய்த்துக்கொண்டிருந்த பேச்சித்தாய் நிமிர்ந்து பார்த்து, "யாரப் பாக்கணும் தம்பி?" என்று கேட்டாள்.

"என்னை எழுதியவரை" என்றான் அவன்.

எழுதுகிறவள் என்று அந்தக் காம்பவுண்டில் ஒருத்திதான் இருந்தாள். பேச்சித்தாய் கோடி வீட்டைக் கைகாட்டிவிட்டு, "செருப்ப வெளியிலயே கழத்திப் போட்டுட்டுப் போங்க, இப்பத்தான் கழுவி விட்டிருக்கு" என்றாள். அவன் இரும்புக் காலணிகளைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டுப் போனான்.

கோடி வீட்டில் இருந்தவள் ஜெசிந்தா. கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வீடியோ கேம்களுக்குக் கதை எழுதிக்கொடுப்பது அவள் வேலை. கடைசியாக எழுதியது 'ஏழாற்று நாடு'. விளையாடுகிறவன் அதில் ஒரு வீரனாகிக் காடுமேடெல்லாம் அலைந்து, வாளும் கவசமும் சேர்த்து, வழியில் கிடைக்கிற நண்பர்களைக் கூட்டிக்கொண்டு, கடைசியில் ஏழு ஆறுகளையும் வற்ற வைத்த வறளோனின் கருங்கோட்டைக்குப் போய் அவனைக் கொல்ல வேண்டும்; கொன்றால் ஆறுகள் மறுபடி ஓடும். கேமைக் கொஞ்சம் பேரிடம் விளையாடிப் பார்க்கக் கொடுத்திருந்தார்கள். காடு நன்றாயிருக்கிறது, குதிரை நன்றாயிருக்கிறது என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். வில்லனைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. முந்தின நாள்தான் கம்பெனியிலிருந்து விபின் போன் செய்திருந்தான். "மேடம், பாக்க பயங்கரமா இருக்கான். ஆனா அவன் பேச ஆரம்பிச்சதும் எல்லாரும் ஸ்கிப் பண்ணிட்டுக் குத்துறாங்க. கொசு அடிச்ச மாதிரி இருக்குங்கிறாங்க. வேற எழுதிக் குடுங்க."

அதனால் வாசலை அடைத்துக்கொண்டு அவன் நின்றபோது ஜெசிந்தாவுக்கு ஆச்சரியம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அரிசி களைந்த கையைத் துடைத்துக்கொண்டு, "உக்காருங்க" என்றாள். நாற்காலி தாங்காது என்று அவனுக்கே தெரிந்திருந்தது, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"நான் எதற்காக ஆறுகளை வற்றச் செய்கிறேன்?" என்று கேட்டான்.

"நீங்க கெட்டவர். அதனால."

"எதற்காகக் கெட்டவன்?"

ஜெசிந்தா யோசித்தாள். அரிசிச் சட்டியில் இருந்த கழனித்தண்ணி அவன் பக்கத்தில் இருந்ததால் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"வில்லன்னா கெட்டவனாத்தான இருக்கணும்" என்றாள், சொல்லும்போதே குரல் தேய்ந்தது.

"வாளோடு வருகிறவனிடம் ஒவ்வொரு முறையும் பேசத் தொடங்குகிறேன். நீங்கள் என் வாயில் வைத்த சொற்கள் எனக்கே புரியவில்லை. அவன் கேட்பதில்லை. குத்திவிட்டுப் போகிறான். குத்துவது எனக்கு வலிக்கவில்லை அம்மா."

எது வலித்தது என்று அவன் சொல்லவில்லை. அவன் ஏன் கெட்டவன் என்று தனக்கே தெரியவில்லை என அவள் ஒப்புக்கொண்டதும், தெரிகிறவரை இங்கேயே இருக்கிறேன் என்று அவன் சொன்னான். பக்கத்து வீடு காலியாகத்தான் இருந்தது.

வீட்டுக்காரர் சௌந்தரம் அண்ணாச்சி, மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், வாடகைக்கு வருகிறவரை வாசலில் நிறுத்தி ஏற இறங்கப் பார்க்கிற வழக்கம் உள்ளவர். வறளோனைப் பார்க்க அவர் கழுத்தை நன்றாகவே நிமிர்த்த வேண்டியிருந்தது.

"கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்லை."

"பேச்சிலருக்கு வீடு விடுறதில்லையே" என்று தயங்கினார். ஜெசிந்தா தான் பொறுப்பு என்று சொன்னபிறகு கொம்புகளைக் கவனித்து, "ஃபேன்ல மாட்டிக்கிடுமே. சரி, ஃபேனக் கழத்திருவோம், மழக்காலம்தான" என்றார். பெயர் கேட்டார். வறளோன் என்றான். அண்ணாச்சிக்குக் காது கொஞ்சம் மந்தம். "வரதனா? நல்ல பேரு" என்று சாவியைக் கொடுத்தார். வறட்சியைக் கொண்டுவருகிறவன், வரம் கொடுக்கிறவனின் பெயரோடு அன்றைக்குக் குடியேறினான்.

ஊர் அவனை எடுத்துக்கொண்ட விதம் இப்படித்தான் இருந்தது. முதலில் காய்ந்த தரையைக் கண்டு காம்பவுண்டுப் பெண்கள் ஈரத்துணியை அவன் வீட்டு முன்னால் கொடிகட்டிப் போட்டார்கள், அரைமணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்தது. அதைப் பார்த்து அடுத்த தெருவிலிருந்து வடகமும் மோர்மிளகாயும் சேலையில் பரப்பிக்கொண்டு வந்து அவனைச் சுற்றி வைத்தார்கள், அவன் நடுவில் அசையாமல் உட்கார்ந்து காக்கை விரட்டினான். தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள் மழையில் நமுத்துப்போன குச்சி மூட்டைகளை வேனில் ஏற்றிவந்து, "வரதண்ணே, ஒரு அரை நாள் இதுமேல சாஞ்சுக்கிருங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். சின்னக் குழந்தைக்குச் சளி கட்டினால் தூக்கிவந்து அவன் மூச்சு படுகிற தூரத்தில் கொஞ்சநேரம் வைத்திருந்து, மேலும் வைத்தால் குழந்தைக்கு நாக்கு வறளும் என்பதால் எடுத்துக்கொண்டு போனார்கள். டீக்கடையில் அவனுக்கு மட்டும் டீயைத் தளும்பத் தளும்ப ஊற்றினார்கள், வாய்க்குப் போவதற்குள் பாதி வற்றிவிடும் என்பதால். கோயில் கொடைத் திருவிழாவில் சப்பரம் தூக்க ஆள் குறைந்தபோது ஒரு பக்கம் முழுவதையும் அவன் ஒருவனே தோளில் வாங்கினான், கொம்பில் மல்லிகைச் சரம் சுற்றிவிட்டார்கள், அது தெரு திரும்புவதற்குள் சருகானது, யாரும் அதைக் குறையாகப் பேசவில்லை. இரண்டு மாதத்தில் அவனுடைய கோட்டைத் தமிழ் உதிர்ந்து தெருத்தமிழ் வந்துவிட்டது. ஒரு நாள் பால்காரரிடம், "என்னண்ணே இன்னைக்கு லேட்டு?" என்று அவன் கேட்டதைக் கேட்டு ஜெசிந்தா எழுதுகிற இடத்திலிருந்து எட்டிப் பார்த்தாள்.

எழுத்து மட்டும் நகரவில்லை. மத்தியானம்தோறும் புதிது புதிதாக ஒரு காரணம் எழுதி அவனுக்குப் படித்துக் காட்டினாள். சின்ன வயதில் அவன் தாய் வெள்ளத்தில் போய்விட்டதாக ஒன்று எழுதினாள். அவன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பாவம். யாரு அது?" என்றான். காதலித்தவள் ஏமாற்றியதாக எழுதினாள். "இவனுக்கு அந்தப் பொண்ணு மேலதான கோவம் வரணும்? ஆறு என்ன செஞ்சது?" என்றான். உலகத்தையே ஆள ஆசைப்பட்டவன் என்று எழுதினாள். அவன் தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தான், அவன் நீட்டிப் படுக்க இடமில்லாத அந்த ஒற்றை அறையை. "எதுக்கு? எனக்கு இதுவே போதுமா இருக்கு" என்றான்.

இதையெல்லாம் உளுந்து களைந்தபடி கேட்டுக்கொண்டிருந்த பேச்சித்தாய் ஒரு நாள் சொன்னாள். "எனக்குத் தெரிஞ்சு கெட்டவருன்னா எம்புருசனோட அண்ணன்தான். இவரு செத்து பதினாறு முடியல, கெணத்து மோட்டார் ரூமப் பூட்டிட்டாரு. நெலத்தையும் எடுத்துக்கிட்டாரு. 'வயசுப் பொண்ணு, கைப்பிள்ளைய வச்சிருக்க, எவனாவது ஏமாத்திருவான், எங்கிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்'னாரு. சொல்லும்போது கண்ணுல தண்ணி. பொய்யழுகை இல்ல ஜெசிந்தா, நெசமாவே அழுதாரு. அவருக்கு மூணு பிள்ளைக, மூணும் அந்தக் கெணத்த நம்பித்தான் இருந்துச்சு. வையணும்னு வாயத் தொறக்கேன், வார்த்த வரல. இன்னும் கனாவுல வாராரு."

ஜெசிந்தாவின் பேனா நின்றது. வறளோன், "அவருக்குப் பிள்ளைக இருந்துச்சு. எனக்கு யாரு இருக்கா?" என்று கேட்டான்.

அவன் கேட்டது மாசியில். பங்குனி பிறப்பதற்கு முன்னால் பேச்சித்தாயின் மகள் மாரிச்செல்வி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். அவளைக் கட்டிக்கொடுத்திருந்தது மேலச்சுனையில். செவக்காட்டுக்கு மேற்கே குன்றடியில் இருக்கிற ஊர் அது, கிணறுகள் கோடையிலும் வற்றாது, ஊரைச் சுற்றி எலுமிச்சைத் தோட்டங்கள். செவக்காட்டிலோ பங்குனியிலேயே குழாய் காற்றைத்தான் துப்பும். காம்பவுண்டுக் கிணறு ஜெசிந்தா குடிவருவதற்கு முன்பே செத்துப்போய், உள்ளே சைக்கிள் டயரும் தேங்காய் மட்டையும் கிடந்தன. லாரி வருகிற நாளில் தெருவே குடத்தோடு ஓடும். அப்படி ஓடின ஒரு நாள், வேண்டாம் என்று அம்மா சொல்லச் சொல்லக் கேட்காமல் மாரிச்செல்வியும் ஒரு குடத்தை இடுப்பில் வைத்தாள். லாரித் தண்ணி சிந்திக் கேட் பக்கத்தில் கிடந்த சேற்றில் கால் வழுக்கியது.

வறளோன்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். ஆண்குழந்தை பிறந்தது, மாதம் நிறையாமல், ஒரு கை அகலத்தில். தாயும் பிள்ளையும் பிழைத்து வீடு வந்தபோது, பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டுச் சேனை வைக்கத் தாய்மாமன் வேண்டுமே என்ற பேச்சு வந்தது. பேச்சித்தாய்க்கு ஆண்பிள்ளை கிடையாது. அவள் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று, "தம்பி, இவளுக்குக் கூடப்பிறந்தவன்னு யாருமில்ல. நீங்கதான் வரணும்" என்றாள்.

வறளோன் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்தான். சீனித்தண்ணியில் விரலை நனைத்துக் குழந்தையின் வாய்க்குக் கொண்டுபோனான். போவதற்குள் தண்ணி காய்ந்து விரல்நுனியில் சீனி மட்டும் வெள்ளையாக மிஞ்சியது. குழந்தை அதைச் சப்பியது. சுற்றி நின்றவர்கள் குலவையிட்டார்கள். மாரிச்செல்வி படுத்தபடியே, "இனிமே நீங்கதான்ணே இவனுக்கு மாமன்" என்றாள்.

அந்தக் கோடை முன்னெப்போதும் இல்லாத கோடையாக வந்தது. லாரி வருவது நின்றது. குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணியில்லாமல் பேச்சித்தாய் ஈரத்துணியால் துடைத்தாள், துணியை நனைக்கவும் தண்ணியில்லாமல் போன நாளில் அவள் அடுப்படியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். பிள்ளையின் உடம்பெல்லாம் வேர்க்குரு சிவந்து, அது முனகிக்கொண்டே கிடந்தது. தான் பக்கத்தில் இருந்தால் இருக்கிற ஈரமும் போய்விடும் என்று வறளோன் முற்றத்துக்கு அந்தப் பக்கம் நின்று, அந்த முனகலைக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு செத்த கிணற்றின் கைப்பிடிச் சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்தான்.

பொழுது சாய்வதற்குள் டயரும் மட்டையும் மிதந்து மேலே வந்தன. கையால் மொண்டு எடுக்கிற உயரத்துக்குத் தண்ணி நின்றது. இனிப்பான தண்ணி.

செவக்காடு அதை எப்படி ஏற்றுக்கொண்டது என்று கேட்டால், குடத்தை எடுத்துக்கொண்டு வந்து ஏற்றுக்கொண்டது. கிணற்றுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். அண்ணாச்சி மோட்டார் வாங்கி மாட்டித் தெருவுக்கெல்லாம் குழாய் விட்டார். காலையில் மட்டும் இட்லி விற்ற பேச்சித்தாய் பகலில் கூட இட்லி போட ஆரம்பித்தாள். குழந்தை தொட்டித்தண்ணியில் காலை உதைத்தது. எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஜெசிந்தாவும் கேட்கவில்லை. அவள் அன்றைக்குத் தலைக்கு ஊற்றிக் குளித்தாள், ஈரத்தலையோடு வெகுநேரம் வெயிலில் நின்றாள், அந்தக் கோடையில் அவளுக்கு அதைவிடச் சந்தோஷமான நேரம் வாய்க்கவில்லை.

மாரிச்செல்வியின் புருஷன் சுடலைராஜ் பிள்ளையைப் பார்க்க வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் காலி கேன்களைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். முகம் கறுத்திருந்தது. "என்னன்னே தெரியல அத்த, எங்க தாத்தா காலத்துல கூட வத்தாத கெணறு. ஒரே நாள்ல தண்ணி பூராம் அடித்தூருக்குப் போயிருச்சு. எலுமிச்ச எல பூராம் உதிருது. மாட்ட ஓட்டிக்கிட்டுப் போறாங்க" என்றான். தெருவே அவனுக்காக வருத்தப்பட்டது. ஆளுக்கொரு குடமாகக் கொண்டுவந்து கேன்களில் ஊற்றினார்கள். வறளோன் கேனைத் தூக்கி வண்டியில் வைத்துக் கட்டிவிட்டான். சுடலைராஜ் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும்ணே" என்றான். கொடுத்தவர்கள் மனம் நிறைந்து வீட்டுக்குப் போனார்கள்.

ஜெசிந்தா நேராக வறளோன் வீட்டுக்குப் போனாள்.

"அது மேலச்சுனைத் தண்ணியா?"

"ஆமா" என்றான். மறைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. "எனக்கு வத்த வைக்க மட்டும்தான் தெரியும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். ஒரு எடத்துல வத்துனா இன்னொரு எடத்துல சேருதும்மா. அத நீங்க எனக்குச் சொல்லவே இல்லையே."

"திருப்பிக் குடுத்துருங்க."

"குடுத்தா இங்க பிள்ளைக்கு?"

"அங்கயும் பிள்ளைக இருக்கு."

"இருக்கும். எனக்குத் தெரிஞ்ச பிள்ள இதுதான்" என்றான். அவன் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. "நீங்களும் குளிச்சீங்கல்ல? நான் பாத்தேன். எனக்கு எம்புட்டு நெறஞ்சு போச்சு தெரியுமா? அம்மா, நீங்க காரணம் தேடிக்கிட்டே இருந்தீங்க. இப்ப எங்கிட்ட இருக்கு. எழுதிக்கோங்க."

அவள் வெளியே வந்து தெருவில் சொல்லிப் பார்த்தாள். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். "அவங்க வருசம் பூராம் அனுபவிச்சாங்க, ஒரு கோடைக்கு நாம குடிச்சா என்ன?" என்றார் அண்ணாச்சி. மழை பெய்தால் அங்கே தானாக ஊறிவிடும் என்றார்கள் சிலர். கேன்தான் கொடுக்கிறோமே என்றார்கள். ஒருவர் பேச்சிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பேச்சித்தாய் மட்டும் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "எம்பொண்ணு எங்கூடயே இருக்கட்டும் ஜெசிந்தா. அங்க தண்ணியில்லன்னா அனுப்ப வேண்டியதில்லையில்ல" என்றாள். சொன்னபிறகு தன் வாயிலிருந்து வந்தது மோட்டார் ரூமைப் பூட்டியவரின் குரல் என்று அடையாளம் கண்டவள்போல வெறுமனே அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆனால் மாரிச்செல்வி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். குழந்தைக்கு மூன்றாம் மாதம் முடிந்த ஒரு முற்பகலில் பிள்ளையைத் துணியில் சுற்றி, பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வெளியே சுடலைராஜ் வண்டியோடு நின்றான். வறளோன் கேட்டுக்கு முன்னால் நின்றிருந்தான்.

"எங்க கெளம்பிட்ட?"

"எங்க ஊருக்குண்ணே."

"அங்க தண்ணியில்ல."

"தெரியும்."

"தண்ணியில்லாத ஊருக்குப் பிள்ளையக் கொண்டு போவியா? மாசம் நெறையாமப் பொறந்தது."

"அது இவன் ஊருண்ணே. இவன் அப்பன் வச்ச எலுமிச்ச அங்கதான் காயுது. நீங்க எடுத்தது இவன் தண்ணியத்தான். இவன் தண்ணிய எடுத்து இவனுக்கே ஊத்துனீங்க."

தெரு மொத்தமும் வாசலுக்கு வந்திருந்தது. வறளோன் நகரவில்லை. "நான் விட மாட்டேன்" என்றான். "இவனுக்கு நல்லது எதுன்னு எனக்குத் தெரியும்."

"வழிய விடுங்கண்ணே."

"விட மாட்டேன்!"

அவன் கத்தியது அந்த ஒரே தடவைதான். கத்தினதும் தெருவிலிருந்த ஈரமெல்லாம் போயிற்று. வாசல்களில் நிறைந்து நின்ற மண்பானைகள் ஒன்றன்பின் ஒன்றாக விண்டன, முருங்கையிலை மரத்திலேயே சுருண்டது, பேச்சித்தாய் கரைத்து வைத்திருந்த மாவு சட்டியில் பாளம் பாளமாக வெடித்தது, பேச வாய் திறந்த அண்ணாச்சிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மாரிச்செல்வியின் கையில் பிள்ளை வீறிட்டது. பிறகு அந்த அழுகையிலிருந்து சத்தம் மெல்லக் கழன்று போனது. உதடு வெடித்து, கண்ணில் நீரில்லாமல், வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

வறளோன் பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். கையை நீட்டப் போனவன் இழுத்துக்கொண்டான். ஒரு அடி பின்னால் வைத்தான். கேட்டைத் தாண்டினான். முகத்தைத் திருப்பாமல், பிள்ளையைப் பார்த்தபடியே, தெருவின் நீளத்துக்கும் பின்னால் நடந்து போனான், டீக்கடை தாண்டி, தீப்பெட்டி ஆபீஸ் தாண்டி, சுடுகாட்டு வேலி வரைக்கும். அவ்வளவு தூரம் போனபிறகுதான் பிள்ளையின் அழுகை நனைந்து, பழைய சத்தத்தோடு திரும்பி வந்தது. ஜெசிந்தா ஒரு சொம்புத் தண்ணிக்குக் கிணற்றடிக்கு ஓடினாள். அவள் எட்டிப் பார்க்கும்போதே கிணறு இறங்கிக்கொண்டிருந்தது, அழுது முடித்த பிள்ளை தேம்புவதுபோல ஒரு சத்தத்தோடு, கல் கல்லாக வெளியே தெரிய. கடைசி வாளியைத்தான் அவளால் இழுக்க முடிந்தது. அதை மாரிச்செல்வியிடம் கொடுத்தாள். மாரிச்செல்வி பிள்ளையின் உதட்டை நனைத்துவிட்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

அன்று மாலை ஜெசிந்தா சுடுகாட்டு வேலிக்குப் போனபோது அவன் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தான்.

"பிள்ள எப்படியிருக்கு?"

"மேலச்சுனைக்குப் போயிட்டாங்க. கெணத்துல ஊறிட்டுதாம். பால் குடிச்சானாம்."

தலையை ஆட்டினான். "நான் வருத்தப்பட்டேன்னு எழுதிராதீங்க" என்றான். "மனசு மாறி நல்லவனாயிட்டேன்னு எழுதாதீங்க. அந்தப் பிள்ள இங்க வந்து தாகத்துல அழுதா நான் மறுபடியும் எடுப்பேன். எனக்கு இப்பவும் அது தப்பாத் தெரியல. அதையும் எழுதுங்க. ஆனா ஒண்ணு. என்னைக் கொல்ல வாரவன் எங்கயோ இருந்து வர வேண்டாம். நான் குடுத்த தண்ணியக் குடிச்சவனா இருக்கட்டும்."

ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தாள். அவன் பக்கத்தில் நின்றதால் கண் ஏற்கெனவே காய்ந்திருந்தது.

மறுநாள் அவன் வீட்டில் இல்லை, கொடியில் கவசமும் இல்லை. அண்ணாச்சி ஃபேனை மறுபடி மாட்டினார். சில நாள் ஈரத்துணியோடு வந்த பெண்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். தண்ணி லாரி வர ஆரம்பித்தது, சண்டையும் வந்தது. மேலச்சுனையில் கிணறுகள் நிறைந்தன, ஆனால் இலை உதிர்த்த எலுமிச்சை மரங்களில் பாதி திரும்பத் தளிர்க்கவில்லை. சுடலைராஜ் அவற்றை வெட்டி அடுக்கிவிட்டுப் புதுக்கன்று வைத்தான்.

ஜெசிந்தா அந்த ஆடி முழுவதும் எழுதினாள். கேமின் தொடக்கத்தையே மாற்றினாள். வீரன் இப்போது வறளோனின் கோட்டை நிழலில், அவன் கொண்டுவந்த தண்ணியைக் குடித்து வளர்கிறான். எழுதி அனுப்பிக் கொஞ்ச நாள் கழித்து விபின் போன் செய்தான். "மேடம், கடைசிக் கட்டத்துல வந்து பாதிப் பேர் நின்னுடறாங்க. வாளத் தூக்கிட்டுச் சும்மா நிக்கிறாங்க. அவன் பேசுறத யாருமே ஸ்கிப் பண்ணல." அவன் குரலில் சந்தோஷமா பயமா என்று தெரியவில்லை.

கேம் வெளியான மத்தியானம் காம்பவுண்டே ஜெசிந்தா வீட்டில் கூடியது. திரையில் கருங்கோட்டைக் கதவு திறந்து, கொம்புகள் இடிக்காமல் தலையைச் சாய்த்து அவன் வெளியே வந்ததும், "வரதன் மெலிஞ்சிட்டாப்ல" என்றார் அண்ணாச்சி. அவன் பேச ஆரம்பித்தான்.

"உன் வீட்டில் ஒரு குழந்தை தாகத்தில் அழுதால், பக்கத்து ஊரின் ஆற்றை நீ எடுக்க மாட்டாயா? எடுக்க மாட்டேன் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல். சொல்லிவிட்டுக் குத்து."

அண்ணாச்சி தரையைப் பார்த்தார். ஜெசிந்தாவின் கட்டைவிரல் கையிலிருந்த கன்ட்ரோலர் பட்டனுக்கு மேலேயே நின்றது.

"அவரு சொல்றது தப்பு" என்றாள் பேச்சித்தாய்.

"தெரியுதுக்கா."

"தப்புதான். ஆனா பாதியில நிறுத்திராத. முழுசாப் பேசட்டும்."

அவன் முழுதும் பேசினான். எல்லோரும் முழுதும் கேட்டார்கள். அவன் பேசி முடித்து, கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தான். ஜெசிந்தா அழுத்தினாள். அவன் விழுந்தான். திரையில் ஏழு ஆறுகளும் புரண்டு வந்தன. ஒருவரும் கைதட்டவில்லை. தெருவில் லாரிக்காரர் ஹார்ன் அடித்தார், அதற்கும் யாரும் எழுந்து போகவில்லை.

"மறுபடி ஆரம்பிச்சா?" என்று கேட்டாள் பேச்சித்தாய்.

"மறுபடி அங்கயேதான் நிப்பாரு."

"மறுபடியும் கொல்லணுமா?"

"ஆமாக்கா. ஒவ்வொரு தடவையும்."

பேச்சித்தாய் மாவுக்கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, தரையில் நகர்ந்து முன்னால் வந்து உட்கார்ந்தாள். "முதல்ல இருந்து போடு" என்று கையை நீட்டினாள். "இந்தத் தடவ எங்கிட்ட குடு."